தொண்டை எங்கே மூடுகிறது?

"மெஷினெல்லாம் வேணாம் டாக்டர், வெட்டி எடுத்துடுங்க. ஒரே தடவையா முடிஞ்சிடும்."

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர் கேட்டாலும் சரி, தோட்டத்தில் இரவு ஜாகா பார்ப்பவர் கேட்டாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: தூக்கத்தில் தொண்டை மூடி மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் அப்னியாவுக்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் மெஷினை விட்டுவிட்டு ஆப்பரேஷன் செய்யலாமா? கூட வந்த மனைவி சொல்வதைக் கவனித்தால் நோய் இன்னும் தெளிவாகப் புரியும்: "குறட்டை விட்டா பரவால்ல டாக்டர், பழகிடுச்சு. திடீர்னு நின்னு போயிடுது பாருங்க, அப்பதான் பயமா இருக்கு."

வெட்டுவது சரி, எதை வெட்டுவது? குடல்வால் போல ஓர் உறுப்பு கெட்டுப்போய் உட்கார்ந்திருந்தால் எடுத்து எறியலாம். ஸ்லீப் அப்னியாவில் அப்படிக் கெட்ட உறுப்பு எதுவும் பெரும்பாலும் இருக்காது. ஒட்டுக்கடையில் ஐஸ் தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்களே, கடைசி மடக்கை உறிஞ்சும்போது பை உள்வாங்கி ஸ்ட்ராவின் வாயில் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் தசை தளர்ந்த தொண்டையும் அப்படித்தான் ஒட்டுகிறது. ஒருவருக்கு உள்நாக்கும் அதையொட்டிய மென்மையான மேலண்ணமும் ஒட்டும். இன்னொருவருக்கு இரண்டு பக்கச் சுவரும் நடுவில் வந்து முட்டும். நாக்கடி பின்னால் சரிகிறவர்கள் உண்டு, குரல்வளைக்கு மேலிருக்கும் மூடி மடிந்து விழுகிறவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு நாலு இடத்திலும் நடக்கலாம். அதனால் 'ஆப்பரேஷன் செய்யலாமா' என்று கேட்பதற்கு முன்னால் 'எனக்கு எங்கே மூடுகிறது' என்று கேட்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கையில் இருக்கும் தூக்கப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாரும் பார்ப்பது ஏஎச்ஐ என்ற ஒற்றை எண்ணை. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்ற தடவைகளையும், காற்று குறைந்து ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிய தடவைகளையும் கூட்டி, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று வகுத்தால் வருவது அது. 5 முதல் 15 வரை லேசு, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சின்னக் கருவியில் ஒரு குறை உண்டு. அது மூளை அலையைப் பதிவதில்லை. நீங்கள் தூங்கினீர்களா, கொசு கடித்து விழித்துக் கிடந்தீர்களா என்று அதற்குத் தெரியாது. கருவி ஓடிய மொத்த நேரத்தால் வகுத்துவிடும். தூக்கம் வராமல் புரண்ட இரவில் எண் பொய்யாகக் குறைந்து காட்டும்.

அறிக்கையின் அடுத்த பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கும். ஆக்சிஜன் எவ்வளவு ஆழம் இறங்கியது என்பது ஒன்று. மல்லாந்து படுத்தபோது எத்தனை, ஒருக்களித்தபோது எத்தனை என்ற பிரிப்பு இன்னொன்று. மல்லாந்தால் 40, ஒருக்களித்தால் 8 என்று இருப்பவர் கத்தியைப் பற்றி யோசிப்பதற்கு முன் சில வாரம் முதுகில் பந்து தைத்த பனியனோடு படுத்துப் பார்க்கலாம். கேலியாகத் தோன்றும், ஆனால் இப்படிப்பட்டவருக்கு வேலை செய்யும். ராத்திரி சாராயம் போட்டுவிட்டுப் படுக்கிறவர் அதையும் நிறுத்தித்தான் பரிசோதனை செய்ய வேண்டும். பீரானாலும் சம்சு என்ற மலிவுச் சாராயமானாலும், தொண்டைத் தசையைத் தளர்த்துவதில் இரண்டும் ஒன்றுதான்.

எடைக் கணக்கும் இங்கே வரும். உடல் எடை 10 விழுக்காடு குறைந்தால் ஏஎச்ஐ சுமார் 26 விழுக்காடு குறையும், 10 விழுக்காடு ஏறினால் 32 விழுக்காடு ஏறும் என்று 2000இல் வெளியான விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. ஏறும்போது வேகம் கூடுதல் என்பதைக் கவனியுங்கள். 2024 டிசம்பரில் எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கு, உடல் பருமனோடு நடுத்தரம் அல்லது கடுமையான ஸ்லீப் அப்னியா உள்ளவர்களுக்கென்றே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. ஆனாலும் மாதாமாதம் வாங்கக் கட்டுப்படியாகுமா என்பது வேறு பேச்சு.

இனி மெஷின். சிபேப் ஒத்துவரவில்லை என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் ஒத்துவராதது மாஸ்க்தான். கசிகிறது என்று பெரிய அளவு மாஸ்க் வாங்குவார்கள், அது இன்னும் கசியும். காற்று வெளியேறாமல் மூடக்கூடிய மிகச் சிறிய அளவே சரியான அளவு. பட்டையை உட்கார்ந்தபடி இறுக்கக் கூடாது. படுத்து, மெஷினை ஓடவிட்டு, காற்று வரும்போது இறுக்க வேண்டும், ஏனென்றால் படுத்ததும் முகச் சதை இடம் மாறும். மீசைக்காரர்களுக்கு மூக்குத் துளையோடு பொருந்தும் வகை எளிது. காலையில் வாய் வறண்டு கிடந்தால் காற்று வாய் வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், ஈரப்பதத்தை ஏற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வாயையும் மூடும் மாஸ்க்.

குழாய்க்குள் தண்ணீர் கோத்துக்கொண்டு முகத்தில் தெறிக்கிறதா? ஏர்கோன் குளிரில் ஈரக்காற்று நீராகிறது. மெஷினைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள். ஆனால் கீழே வைக்கச் சொன்னார்கள் என்று கொசுவத்திக்குப் பக்கத்தில் வைத்துவிடாதீர்கள். மெஷின் காற்றை உறிஞ்சும் வாய் பின்புறம் இருக்கிறது. இரவு முழுக்கக் கொசுவத்திப் புகையை வடிகட்டி நுரையீரலுக்கு அனுப்பும். ஃபில்டர் கறுத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவோ, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியோதான். பழைய லயத்து வீடுகளில் எறும்புத் தொல்லை தனி. தண்ணீர்ப் பெட்டியில் மிச்சம் வைக்காமல் காலையில் கொட்டி, குழாயைக் கழற்றித் தொங்கவிட்டால் போதும். பெட்டிக்கு ஊற்ற வேண்டியது காய்ச்சி வடித்த நீர். பேட்டரித் தண்ணி என்று எண்ணெய்க் கடையில் விற்பதை வாங்கி ஊற்றாதீர்கள்.

இதையெல்லாம் சரிசெய்தும் இரண்டு மூன்று மாதத்தில் முடியவில்லை என்றால், அது நிஜமாகவே ஒத்துவரவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. இங்கேதான் அறுவை சிகிச்சை நியாயமான பேச்சாகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஏஎச்ஐ 50 உள்ளவர் ஏழு மணி நேரம் தூங்குகிறார். மெஷின் மாட்டினால் 3 ஆகிறது, ஆனால் நாலு மணி நேரத்தில் தூக்கக் கலக்கத்தில் கழற்றி எறிந்துவிடுகிறார். நாலு மணி நேரம் 3 வீதம் 12, மீதி மூன்று மணி நேரம் 50 வீதம் 150. மொத்தம் 162ஐ ஏழால் வகுத்தால் 23. முழு இரவுக்கும் அவருடைய உண்மையான எண் அதுதான். நடப்பில் இதைவிட மோசமாகவே இருக்கும், ஏனென்றால் கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம், தசை மிகவும் தளர்வதும் அப்போதுதான்.

இதோடு ஆப்பரேஷன் முடிவுகளை ஒப்பிடுங்கள். 2013இல் வெளியான ஸ்டாக்ஹோம் ஆய்வில் மெஷின் ஒத்துவராத 65 பேரைப் பொறுக்கி எடுத்தார்கள். அறுவை செய்த குழுவின் சராசரி ஏஎச்ஐ ஆறு மாதத்தில் 53லிருந்து 21க்கு இறங்கியது. செய்யாத குழு 53லிருந்து 47க்கு. ஆஸ்திரேலியாவில் 102 பேரை வைத்து 2020இல் வெளியான ஆய்விலும், மேலண்ணத்தையும் நாக்கையும் சேர்த்துச் சரிசெய்தவர்களுக்கு 48லிருந்து 21. அரைகுறை மெஷினும் நல்ல ஆப்பரேஷனும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. முழு இரவும் மெஷின் போடுகிறவருக்கு முன்னால் எந்தக் கத்தியும் நிற்காது. எதையுமே போடாதவருக்கு 50ஐவிட 21 எவ்வளவோ மேல்.

21 என்பது குணமில்லை, நடுத்தர நோய். அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாக 'வெற்றி' என்று சொல்லி வருவது ஏஎச்ஐ பாதியாகி 20க்குக் கீழே வருவதை. 60 இருந்தவருக்கு 19 வந்தால் அந்தக் கணக்கில் வெற்றிதான். "வெற்றி வாய்ப்பு எவ்வளவு" என்று கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். "வெற்றின்னா எந்த நம்பர் டாக்டர்?" என்றும் கேளுங்கள்.

யாருக்கு நன்றாக வரும் என்பதை ஓரளவு கண்ணாடி முன் நின்றே ஊகிக்கலாம். வாயைத் திறந்து, நாக்கை நீட்டாமல், 'ஆ' சொல்லாமல் பாருங்கள். உள்நாக்கு முழுதாகத் தெரிகிறதா, அல்லது நாக்கு மேடாக எழுந்து எல்லாவற்றையும் மறைக்கிறதா? இரண்டு பக்கத்திலும் டான்சில் எலுமிச்சை போலப் பிதுங்கி நடுவை நோக்கி வருகிறதா, உள்ளே ஒளிந்திருக்கிறதா? 2002இல் ஃபிரீட்மன் என்ற மருத்துவர் இந்த இரண்டையும் உடல் பருமனையும் வைத்து ஆட்களைப் பிரித்தார். உள்நாக்கு தெரிந்து டான்சில் பெரிதாக இருந்த முதல் வகையினரில் 80 விழுக்காட்டினருக்கு மேலண்ண அறுவை பலித்தது. நாக்கு மறைத்து டான்சில் சிறிதாக இருந்த மூன்றாம் வகையில் 8 விழுக்காடு. ஒரே ஆப்பரேஷன், ஒரே கத்தி, பத்து மடங்கு வித்தியாசம். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு நன்றாக ஆனது என்பது உங்களுக்கு எந்த ஆதாரமும் ஆகாது. வெற்றிலைப் பாக்கு ஆண்டுக்கணக்கில் மென்று வாய் முழுதாகத் திறக்காதவர்கள் இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மயக்க மருந்துக் குழாய் இறக்குவதே சிரமமாகிவிடும்.

கண்ணாடி காட்டாததைக் காட்டுவது உறக்க எண்டோஸ்கோப்பி. ஆப்பரேஷன் அறையில் புரோபோஃபால் போன்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றித் தூங்க வைத்து, குறட்டை தொடங்கியதும் மூக்கு வழியாக மெல்லிய கேமராவை இறக்குவார்கள். திரையில் இளஞ்சிவப்பு சுரங்கம் ஒன்று தெரியும். மூச்சை இழுக்க இழுக்க அது சிறுத்து, ஈரமான பரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, சில வினாடி அசைவே இருக்காது. பிறகு ஒரு திணறல், படக்கென்று பிரியும். எந்த உயரத்தில், முன்பின்னாகவா, பக்கவாட்டிலா, பணப்பை வாயைச் சுருக்கியதுபோல எல்லாத் திசையிலுமா என்று நாலு இடத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பார்கள். கீழ்த்தாடையை மெல்ல முன்னே தள்ளியும் பார்ப்பார்கள். அப்போது பாதை திறந்தால் பல் மருத்துவர் செய்துதரும் தாடைக் கருவியே போதுமானதாக இருக்கலாம். இந்தப் பரிசோதனை இல்லாமல் நேரே மேலண்ணத்துக்குத் தேதி கொடுத்தால், காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அறுவை வகைகளைப் பற்றி அதிகம் அளக்கப் போவதில்லை. 1981இல் மருத்துவர் ஃபுஜிதா அறிமுகப்படுத்திய பழைய முறையில் உள்நாக்கையும் மேலண்ண ஓரத்தையும் வெட்டி எடுப்பார்கள். அதே 1981இல்தான் சிட்னியில் காலின் சல்லிவன் சிபேப்பை வெளியிட்டார். இரண்டும் ஒரே வயதுப் பிள்ளைகள். இப்போதைய போக்கு வெட்டுவதைக் குறைத்து, பக்கத் தசையைத் திருப்பி இழுத்துக் கட்டித் தொண்டையை அகலப்படுத்துவது. 2007இல் இந்த வழியில் ஒரு முறையை வெளியிட்ட இருவரில் ஒருவர் சிங்கப்பூர் மருத்துவர் கென்னி பாங். அதிகம் வெட்டினால் என்ன கெடும்? குடித்த தண்ணீர் மூக்கில் வரும், பேச்சு மூக்கோசையாகும், தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல ஆண்டுக்கணக்கில் உறுத்தும். மிக முக்கியமாக, பிறகு மெஷின் போட நேர்ந்தால் காற்று வாய் வழியே ஓடிவிடும். முதல் வழியைத் தவறாகத் தேர்ந்தால் இரண்டாம் வழியும் அடைபடுகிறது.

மேல் கீழ் இரண்டு தாடை எலும்பையும் அறுத்துச் சுமார் 10 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தும் ஆப்பரேஷனின் பலன்தான் இவற்றில் மிகச் சிறந்தது. ஆனால் முகமே மாறும், கீழுதடு மரத்துப்போகலாம், வாரக்கணக்கில் கஞ்சிதான். நாக்கு நரம்பைத் தூண்டும் கருவிக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலன் நல்லது, விலை நம்மில் பலருக்கு எட்டாதது.

மூக்கு ஆப்பரேஷன் தனிக் கதை. வளைந்த தண்டை நிமிர்த்தினால் ஏஎச்ஐ அதிகம் அசையாது. ஆனால் மெஷினின் அழுத்தத்தைக் குறைக்கலாம், மாஸ்க் பழகும். மெஷினுக்காக மூக்கைச் சரிசெய்வது பல நேரம் தொண்டையைத் தொடுவதைவிட புத்திசாலித்தனம். குழந்தைகளுக்கு நியாயமே வேறு. டான்சிலும் அடினாய்டும் பெரிதாகி மூச்சடைக்கும் பிள்ளைக்கு முதல் சிகிச்சையே அறுவைதான். இந்தக் கட்டுரையின் தயக்கங்களைப் பிள்ளைகள்மேல் ஏற்ற வேண்டாம்.

குறட்டையை அரை மணி நேரத்தில் லேசரில் தீர்க்கிறோம் என்று வரும் விளம்பரங்கள்மேல் எனக்குக் கோபமே உண்டு. சத்தம் போய்விடும். அடைப்பு அப்படியே இருக்கும். மனைவி நிம்மதியாகத் தூங்குவார், மூச்சு நிற்பதைக் கேட்டு உலுக்கி எழுப்ப ஆளில்லாமல் போகும்.

செலவுக்கு வருவோம். சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி கட்டிப் பார்த்து, கடிதம் வாங்கி, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போவதுதான் சுங்கை சிப்புட்காரர்களுக்கு வழக்கமான பாதை. மெஷின் வாங்க முடியாதவர்கள் மருத்துவமனையின் சமூகப்பணி அதிகாரியைப் பார்க்கக் கடிதம் கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்கள் வழியாகத்தான் விண்ணப்பம் போகும். தனியார் மருத்துவமனை என்றால் மெடிக்கல் கார்டு காப்புறுதியின் விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். குறட்டையும் தூக்கக் கோளாறும் அதில் இருப்பது சாதாரணம். விடுப்புக்குப் பயப்பட வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நாட்கூலிக்கும் இது பொருந்தும். விடுப்பு இல்லை என்று தோட்டத்து எழுத்தரான கிராணி சொன்னால், எம்.சி. என்ற மருத்துவச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஆப்பரேஷனுக்கு முன் மயக்க மருத்துவரிடம் அப்னியா அறிக்கையைக் கொடுங்கள். மெஷின் இருந்தால் வார்டுக்கு எடுத்துப் போங்கள், முதல் இரவு தேவைப்படலாம். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாமல் போனால் ரத்தம் கசியும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து, மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் பட்டியல் போட்டுக் காட்டுங்கள். எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்லட்டும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது ஆபத்து.

பிறகு வரும் இரண்டு வாரத்தை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை. வலி முதல் நாளில் உச்சத்துக்குப் போகாது. மூன்றாம் நாளுக்கு மேல் ஏறி, ஒரு வாரம் நின்று, மெல்ல இறங்கும். காதிலும் வலிக்கும், காதில் ஒன்றும் இருக்காது. தொண்டையில் வெள்ளைப் படலம் தெரியும். அது சீழில்லை, புண் ஆறும் தோல், சுரண்டாதீர்கள். வலிக்கிறது என்று விழுங்காமல் இருந்தால் படலம் காய்ந்து இன்னும் வலிக்கும். பாரசிட்டமால் 1 கிராம் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகாமல், நேரப்படி போட்டு, போட்ட அரை மணியில் சாப்பிடுங்கள். ஆறிய கஞ்சி, பாலில் ஊறிய இடியாப்பம், ஐஸ்கிரீம். ரசம், சம்பால், தக்காளி, புளி வேண்டாம். முறுக்கும் அப்பளமும் கூடவே கூடாது. கோடீன் கலந்த இருமல் மருந்தும் தூக்க மாத்திரையும் மூச்சையே அடக்கும்.

ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை படலம் உதிரும். ரத்தம் திடீரென்று வருவது பெரும்பாலும் அப்போதுதான். எச்சிலில் கோடுபோல வந்தால் ஐஸ் தண்ணீர் கொப்பளித்துக் கவனியுங்கள். புது ரத்தம் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வந்தால், அல்லது நிற்காமல் வந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து, விழுங்காமல் துப்பிக்கொண்டு, 999க்குக் கூப்பிடுங்கள். விழுங்கிய ரத்தம் வயிற்றில் சேர்ந்து வாந்தியாக வரும், அதற்குள் எவ்வளவு போயிற்று என்று தெரியாமலே போகும். தோட்டத்து மண்சாலையில், மழை இரவில், ஈப்போவுக்கு 30 கிலோமீட்டர் என்பதை இங்கே யோசிக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் ஈப்போவில் அக்கா வீட்டிலோ மகள் வீட்டிலோ தங்குவது நல்லது. லாரி சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி தூக்கப் பரிசோதனை. ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கும்போதே இதற்கும் சேர்த்துத் தேதி கேளுங்கள். குறட்டை நின்றதை வைத்துச் சரியாகிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. அந்த அறிக்கை கைக்கு வரும்வரை பழைய மெஷினை மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதில் இருப்பது உங்களுக்காக வைத்த அழுத்தம், அவருக்குப் பொருந்தாது. உங்களுக்கே அது திரும்பத் தேவைப்படலாம்.